கோணல், மறுபடி!

"ஷட்டர் வருது!"

கடையைத் திறப்பதற்கு முன்னால் மீரா சாகிப் தினமும் இப்படிக் குரல் கொடுப்பார். கொஞ்ச நேரம் பொறுத்திருப்பார். அப்புறம்தான் ஷட்டரைத் தூக்குவார். தடதடவென்று அது மேலே ஏறும்.

பாபநாசம் கீழக் கடைத்தெருவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

"ஷட்டர் தூக்கறதுக்கு எதுக்குங்க அறிவிப்பு? ரயிலா வருது?" என்று ஒருவர் கேட்டார்.

கடையில் வேலை பார்க்கும் கபீர் அண்ணன் சொன்னார்: "ரயில்கூட லேட்டாகுங்க. எங்க ஷட்டர் லேட்டாகாது."

அந்தக் குரல் உண்மையில் ஜெயபாரதிக்காக. எல்லோருக்கும் அவர் பாரதியக்கா. ஷட்டர் ஏறும்போது அவர் வாசலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பார். சத்தம் நின்றதும் கையை எடுப்பார். செருப்பை ஜோடியாக விடுவார். முதல் ஆளாக உள்ளே போவார்.

பாரதியக்காவுக்கு ஆட்டிசம் உண்டு. திடீரென்று வரும் பெரிய சத்தம் அவரைப் பதறவைத்துவிடும். சொல்லிவிட்டு வந்தால் சமாளித்துக்கொள்வார். மீரா சாகிப் இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. புரிந்த மறுநாளே "ஷட்டர் வருது" தொடங்கிவிட்டது.

மீரா சாகிப்பின் மகள் ரிஃப்கா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள்.

ஜவுளிக்கடையில் ஒரு புடவை வாங்க வருகிறவர் இருபது புடவையைப் பிரித்துப் பார்ப்பார். அவர் போன பிறகு தரையில் ஒரு மலை கிடக்கும். அந்த மலையைக் கரைப்பதுதான் பாரதியக்காவின் வேலை. ஓரத்தோடு ஓரம், மூலையோடு மூலை. கடைசியில் உள்ளங்கையால் ஒரே ஒரு தடவு. அவர் அடுக்கிய அலமாரியைப் பார்த்தால், புதுப் புத்தகத்தை ஓரமாகப் பார்ப்பதுபோல இருக்கும்.

முதல் நாள் அவர் வேலை கேட்டு வரவில்லை. அம்மா கமலாம்பாளோடு துணி எடுக்க வந்தார். கீழே கிடந்த குவியலைப் பார்த்ததும் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கிவிட்டார்.

"தொடாதடி, கடைக்காரங்க திட்டுவாங்க" என்றார் அம்மா.

"திட்ட மாட்டேம்மா. நாளைக்கும் வரச் சொல்லுங்க" என்றார் மீரா சாகிப்.

அப்படிச் சேர்ந்தவர்தான். கபீர் அண்ணனுக்கு எப்படிச் சம்பளமோ, அப்படித்தான் அவருக்கும்.

சில சமயம் சிக்கலும் வரும். ஒருமுறை ஒரு அம்மா கத்தரிப்பூ நிறப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

"இது உங்களுக்கு நல்லா இல்ல" என்றார் பாரதியக்கா.

கபீர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா வாங்காமல் போய்விட்டார். ஆனால் அடுத்த வாரமே திரும்பி வந்தார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. அது சொன்னாத்தான் எடுப்பேன்" என்றார்.

ரிஃப்காவுக்கும் மடிக்க ஆசை. ஒரு கைலியை எடுத்து மடித்து நீட்டுவாள். அக்கா பார்ப்பார்.

"கோணல்."

ரிஃப்கா பிரித்து மீண்டும் மடிப்பாள்.

"மறுபடி."

அவருடைய வாயிலிருந்து "சரி" வாங்குவது கணக்குப் பரீட்சையில் நூறு வாங்குவதைவிடக் கஷ்டம்.

*

தீபாவளி வந்தால் அந்த இரண்டு நாளும் பாரதியக்கா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவார். அது கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கார்த்திகை மாதத்தில் வெடி வரும் என்று யார் கண்டது?

அன்று மாலை மழை விட்டிருந்தது. அக்கா ஜமுக்காளங்களை மடித்துக்கொண்டிருந்தார். ரிஃப்கா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

"பாய்! எல்லாரும் வெளில வாங்க!"

அது உரக்கடை துரைக்கண்ணுவின் குரல். கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவர் ரகசியம் பேசினால்கூட எதிர்க்கடைக்குக் கேட்கும்.

கபீர் அண்ணன் எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு சரவெடி நீளமாகக் கிடந்தது. தீபாவளியில் மிச்சமானது. அதன் நுனியில் துரைக்கண்ணு ஊதுவத்தியோடு குனிந்திருந்தார்.

"ஐயோ, அண்ணே, வேணாம்!"

அதற்குள் பற்றிவிட்டது.

படபடபடவென்று தெருவே அதிர்ந்தது. புகை கடைக்குள் வந்தது. வெடி ஓய்ந்ததும் துரைக்கண்ணு சிரித்த முகத்தோடு உள்ளே நுழைந்தார்.

"பாய், இந்த வருஷம் சங்கத்து விருது உங்க கடைக்குத்தான்!"

"என்ன விருது தலைவரே?" என்றார் மீரா சாகிப். அவர் கண் கடைக்குள்ளே யாரையோ தேடியது.

"'எல்லோருக்கும் இடம் தந்த கடை'! நம்ம பாரதிப் பொண்ணை வேலைக்கு வெச்சிருக்கீங்கல்ல, அதுக்கு! டிசம்பர் மூணு, மாற்றுத்திறனாளிகள் தினம். அன்னிக்கு மண்டபத்துல விழா. எங்க அந்தப் பொண்ணு? கூப்பிடுங்க, வாழ்த்திட்டுப் போறேன்."

ரிஃப்கா கல்லாவுக்குக் கீழே கையைக் காட்டினாள்.

"அங்க இருக்காங்க மாமா."

கல்லா மேசைக்கு அடியில் ஒரு ஜமுக்காளம் குவிந்து கிடந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

துரைக்கண்ணுவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

*

மறுநாள் "ஷட்டர் வருது" என்று மீரா சாகிப் குரல் கொடுத்தார். வாசலில் யாரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

கடையில் துணி மலை வளர்ந்தது. கபீர் அண்ணன் மடித்துப் பார்த்தார்.

"நான் மடிச்சா புடவை தலையணை மாதிரி ஆயிடுது பாய்."

மாலையில் மீரா சாகிப் ரிஃப்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனார். ரிஃப்கா ஒரு பையில் நாலைந்து கைலிகளை எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அத்தா கேட்டதற்கு, "சும்மா" என்றாள்.

குடமுருட்டி ஆற்றைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாக இருந்தது வீடு. சுற்றிலும் சம்பா வயல் பச்சையாக நின்றது. கமலாம்பாள் வாசலுக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க பாய். ரூமை விட்டே வரமாட்டேங்குறா" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்னதுல பள்ளிக்கூடத்துல இப்படித்தான் ஒரு தடவை வெடி போட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்தவ, திரும்பப் போகவே இல்ல. படிப்பு அதோட நின்னுச்சு. இப்பக் கடையும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

"விருதே வேணாம்னு சொல்லிடறேம்மா" என்றார் மீரா சாகிப்.

விருது வேண்டாம் என்று சொன்னால் அக்கா வந்துவிடுவாரா? ரிஃப்காவுக்கு அப்படித் தோன்றவில்லை.

அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. அவள் வெளியே தரையில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, தட்டவில்லை. ஒரு கைலியை எடுத்து மடித்தாள். கதவு இடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கைலி மெல்ல வெளியே வந்தது.

"கோணல்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

கமலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டார். முந்தாநாளிலிருந்து மகள் பேசிய முதல் சொல் அது.

ரிஃப்கா பிரித்து மடித்து மீண்டும் தள்ளினாள். அது மீண்டும் திரும்பி வந்தது.

"மறுபடி."

இந்தமுறை ஓரத்தை நன்றாக இழுத்துப் பிடித்தாள். மூலையைச் சேர்த்தாள். உள்ளங்கையால் தடவினாள். தள்ளினாள். கைலி திரும்பி வரவில்லை.

"அக்கா, கடைக்கு வாங்கக்கா. மலை மாதிரி கிடக்கு. கபீர் அண்ணன் தலையணை செய்யறார்."

"வெடி" என்றார் அக்கா.

"இனிமே வெடி இருக்காதுக்கா."

"யாரு சொன்னா?"

ரிஃப்கா விழித்தாள். யாரும் சொல்லவில்லைதான். அக்காவிடம் சும்மா ஒன்றைச் சொல்லிவிட முடியாது.

"கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தாள்.

*

உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். ரிஃப்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வா பாப்பா. அந்தப் பொண்ணு எப்படி இருக்கு? எனக்குச் சோறே இறங்கல. சந்தோஷத்துலதானே வெடி போட்டேன்?"

"அது தெரியும் மாமா. ஆனா அக்கா கடைக்கே வரல. விழாவுல வெடி உண்டா மாமா?"

"விழான்னா வெடி இல்லாமலா? செண்டை மேளத்துக்கும் சொல்லியாச்சு. அஞ்சு ஸ்பீக்கர்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "அந்தப் பொண்ணு வரமுடியலன்னா பரவால்ல பாப்பா. அத்தா மட்டும் வந்து வாங்கிக்கட்டும்."

"விருது எதுக்கு மாமா?"

"எல்லோருக்கும் இடம் தந்த கடைக்கு."

"அப்ப மண்டபத்துல அக்காவுக்கு இடம் இல்லையா?"

துரைக்கண்ணு மெல்ல யூரியா மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"வெடி வேணாம், விட்டுடலாம். மேளத்தையும் வேணாம்னு சொல்லிடலாம்" என்றார் கடைசியில். "ஆனா கைதட்டல்? முந்நூறு பேர் வருவாங்க. எல்லாரும் சேர்ந்து தட்டினா அதுவும் வெடிதானே? கைதட்டாம எப்படி விருது தர்றது?"

அது ரிஃப்காவுக்கும் தெரியவில்லை.

துரைக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். முகத்தைத் துடைத்தார். ரிஃப்கா அந்தத் துண்டையே பார்த்தாள். தெருவில் போகிறவர்களைப் பார்த்தாள். ஒருவர் தோளில் துண்டு. இன்னொருவர் தலையில் துண்டு. சைக்கிளில் போகிறவர் இடுப்பில் துண்டு.

"மாமா, துண்டு!"

"என்ன துண்டு?"

"கைதட்டறதுக்குப் பதிலா எல்லாரும் துண்டைத் தூக்கி ஆட்டுவாங்க. துண்டு இல்லாதவங்க கைக்குட்டை. சத்தமே வராது. மேடையிலேருந்து பார்த்தா நல்லாத் தெரியும்."

துரைக்கண்ணு தன் துண்டைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உரம் வாங்க வந்த விவசாயி ஒருவர் பயந்துபோய் விலகி நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் துரைக்கண்ணு.

"இன்னொண்ணு மாமா. எது செய்யறதா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடணும். 'ஷட்டர் வருது'ன்னு அத்தா சொல்றாங்கல்ல, அது மாதிரி."

"சரி."

"வெடி கிடையாதுன்னு நீங்களே வந்து அக்காகிட்ட சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டாங்க."

அன்றே அவர் போனார். அறைக்கதவுக்கு வெளியே, ரிஃப்கா உட்கார்ந்த இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு எவ்வளவு மெதுவாகப் பேச முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

"அம்மா பாரதி... தெரியாம செஞ்சுட்டேன்... விழாவுல வெடி கிடையாது... மேளம் கிடையாது..."

உள்ளே சத்தமில்லை. அவர் இன்னும் மெதுவாக, கிட்டத்தட்ட உதட்டை மட்டும் அசைத்து, மறுபடி சொன்னார்.

"சத்தமாப் பேசுங்க. கேக்கல" என்றார் பாரதியக்கா.

ரிஃப்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. துரைக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் சொந்தக் குரலிலேயே சொன்னார்: "வெடி கிடையாதும்மா!"

மறுநாள் "ஷட்டர் வருது" என்றபோது வாசலில் இரண்டு கைகள் இரண்டு காதுகளுக்குப் போயின.

*

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. வாசலிலேயே கபீர் அண்ணன் நின்று, வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னார்: "கைதட்டக் கூடாதுங்க. துண்டு மட்டும்."

பாரதியக்கா மேடைக்கு அருகில், அம்மாவுக்கும் ரிஃப்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். இலைப்பச்சைப் புடவை. அதில் ஒரு கசங்கல் கிடையாது.

"மைக் வருது!" என்றார் துரைக்கண்ணு. அக்கா காதைப் பொத்தினார். மைக் 'கிர்' என்றது. பிறகு சரியானது. அக்கா கையை எடுத்தார்.

துரைக்கண்ணு பேசத் தொடங்கினார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்னப் பேச்சு அது. முடிந்ததும் பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் 'டப்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டார். முன்வரிசை முழுதும் திரும்பி அவரை முறைத்தது. சேர்ந்த கையைப் பிரிக்கப் பயந்து, அவர் அப்படியே எல்லோருக்கும் வணக்கம் வைத்தார்.

ரிஃப்கா அக்காவைப் பார்த்தாள். அக்கா ஒருமுறை கண்ணை இறுக மூடினார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து ஓடவில்லை.

மீரா சாகிப்பை மேடைக்கு அழைத்தார்கள். அவர் இரண்டு படி ஏறிவிட்டு நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"வாம்மா பாரதி. நீ வராம நான் மட்டும் ஏற முடியுமா?"

அக்கா எழுந்து போனார்.

முதலில் மீரா சாகிப்பின் தோளில் தங்கநிறப் பொன்னாடை விழுந்தது. அடுத்தது அக்காவுக்கு. துரைக்கண்ணு பொன்னாடையை விரித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். அக்கா ஒரு அடி பின்னால் போனார்.

துணி திடீரென்று மேலே விழுந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. ரிஃப்கா அதைச் சொல்ல மறந்துவிட்டாளே!

துரைக்கண்ணு நின்றுவிட்டார். ஒரு கணம் யோசித்தார். பிறகு சொன்னார்:

"பொன்னாடை வருது!"

சொல்லிவிட்டு, போர்த்தாமல், இரண்டு கையாலும் நீட்டினார்.

அக்கா அதைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். ஜரிகை ஓரம் ஒருபக்கம் மடங்கியிருந்தது. நடுவில் கசங்கியிருந்தது. அவர் மேசைப்பக்கம் திரும்பினார். பொன்னாடையை விரித்தார். ஓரத்தோடு ஓரம், மூலையோடு மூலை. மண்டபமே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் உள்ளங்கையால் ஒரே தடவு.

பிறகு மீரா சாகிப்பிடம் வந்தார். அவர் தோளில் கிடந்ததை உருவினார். அதையும் மடித்து, முதல் பொன்னாடையின் மேல் வைத்தார். அடுத்து துரைக்கண்ணுவைப் பார்த்தார். தலைவருக்கும் யாரோ ஒன்று போர்த்தியிருந்தார்கள். அவர் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்.

மூன்றும் ஒரே அளவு. மூன்றும் ஒரே நேர்.

மண்டபத்தில் துண்டுகள் எழுந்தன. வெள்ளைத் துண்டு, பச்சைக் கரைத் துண்டு, பூப்போட்ட கைக்குட்டை. காற்றில் சம்பா வயல் அசைவதுபோல எல்லாம் அசைந்தன. துளிச் சத்தமில்லை. கமலாம்பாள் தன் முந்தானையைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஆட்டுவதற்கு மறந்து, அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாரதியக்கா அத்தனை துண்டுகளையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"எல்லாம் கசங்கியிருக்கு" என்றார்.

மண்டபம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு சொல்லாமல்தான் வந்தது. ஆனால் அக்கா காதைப் பொத்தவில்லை. அவரும் கொஞ்சம் சிரித்தார்.

*

மறுநாள் பள்ளி விட்டு ரிஃப்கா கடைக்கு வந்தாள். விருதுப் பலகை அலமாரியில் இருந்தது. கைலி அடுக்குக்கும் போர்வை அடுக்குக்கும் நடுவே, இரண்டுக்கும் சரியாக நேராக. வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம்.

கீழே துரைக்கண்ணு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய பை. பை நிறையப் பழைய பொன்னாடைகள்.

"எத்தனையோ விழாவுல வாங்கினது பாப்பா. வீட்டுல சுருட்டி வெச்சிருந்தேன்" என்றார் அவர். "மடிச்சுத் தருவியாம்மான்னு பாரதிகிட்ட கேட்டேன். 'இது கடைத்துணி இல்ல'ன்னுடுச்சு. உக்காருங்க, சொல்லித் தரேன்னுச்சு."

"எப்பலேருந்து உக்காந்திருக்கீங்க மாமா?"

"மத்தியானத்துலேருந்து" என்று கபீர் அண்ணன் மெல்லச் சொன்னார். "இன்னும் முதல் பொன்னாடையே முடியல."

துரைக்கண்ணு நாக்கைக் கடித்துக்கொண்டு ஓரத்தோடு ஓரம் சேர்த்தார். மூலையோடு மூலை சேர்த்தார். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். பெருமையாக நீட்டினார்.

பாரதியக்கா அதை இந்தப்பக்கம் பார்த்தார், அந்தப்பக்கம் பார்த்தார்.

"கோணல்" என்றார்.

சங்கத் தலைவர் ரிஃப்காவைப் பார்த்தார். ரிஃப்கா தன் பையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறுபடி, மாமா."